எஸ்என்பிரிண்ட்எஃப் இருந்தும் ‘இல்லை’ என்கிறது கான்ஃபிகர்

கேள்வி:
வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகப் புழங்கும் சி நிரல் ஒன்று டெபியன் 12 லினக்ஸ் கணினியில் சிக்கலின்றி பில்ட் ஆகிறது. அதே மூலக்கோப்புகளை ஃபெடோரா 40-இல் பில்ட் செய்தால், எஸ்என்பிரிண்ட்எஃப் (உரையை வடிவமைத்து எழுதும் சி ஃபங்ஷன்) சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் இடத்தில், கணினியில் உள்ள வசதிகளை முன்கூட்டியே சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ‘இல்லை’ என்று அச்சிட்டுவிட்டு மேலே சென்றுவிடுகிறது. பிறகு நிரலைக் கம்பைல் செய்யும் மேக் ஓடும்போது, நிரலோடு வரும் மாற்று எஸ்என்பிரிண்ட்எஃப் கணினியின் ஹெடரோடு (ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்பு) மோதி நின்றுவிடுகிறது. கணினியின் சி நூலகமான ஜிலிப்சியை மறுபடி நிறுவியும் பயனில்லை. எங்கே தேடுவது?

பதில் 1:
ஜிலிப்சியில் குறை இருக்காது. அந்த ‘இல்லை’ எதனால் வந்தது என்பது கான்ஃபிகர் எழுதும் கான்ஃபிக்.லாக் கோப்பில் பதிவாகியிருக்கும். கடைசியிலிருந்து படிக்காதீர்கள், அங்கே மாறிகளின் பட்டியல்தான் கிடக்கும். அந்தச் சோதனையின் வரியைத் தேடி, அதன் கீழுள்ள பிழையையும் சோதனை நிரலையும் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். சோதனை நிரலில் ‘மெயின்’ என்பதற்கு முன், அது முழு எண்ணைத் தரும் என்று குறிக்கும் ‘இன்ட்’ இல்லை. நிரலை முடிக்கும் எக்சிட் அழைக்கப்படுகிறது, ஆனால் அதற்குரிய எஸ்டிடிலிப் ஹெடர் சேர்க்கப்படவில்லை. இரண்டையும் கம்பைலர் பிழை என்கிறது.

பதில் 1:
காரணம் அதுதான். 1999-ஆம் ஆண்டின் சி தரமே இவ்விரண்டையும் நீக்கிவிட்டது என்றாலும், ஜிசிசி கம்பைலர் வெறும் எச்சரிக்கையோடு அவற்றை விட்டுவந்தது. 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் அவை பிழையாயின. டெபியன் 12-இல் இருப்பது ஜிசிசி 12, ஃபெடோரா 40-இல் இருப்பது ஜிசிசி 14. சோதனை நிரல் கம்பைல் ஆகி ஓடியதா என்பது மட்டுமே கான்ஃபிகருக்குத் தெரியும். வசதி இல்லாததால் தோற்றதா, சோதனையே தவறாக எழுதப்பட்டதால் தோற்றதா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

பதில் 2:
கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் கருவியான ஆட்டோகான்ஃபின் 2.72 பதிப்பைக் கொண்டு ஆட்டோரீகான்ஃப் ஓட்டி, ஸ்கிரிப்டை மறுபடி உருவாக்கினால் போதாதா?

பதில் 1:
ஆட்டோகான்ஃப் தானே உருவாக்கும் சோதனைகளுக்கு அது போதும். இது அந்த ஸ்கிரிப்டின் மூலமான கான்ஃபிகர்.ஏசி கோப்பில் யாரோ கையால் எழுதியது போலத் தெரிகிறது. அங்கே ‘இன்ட்’டையும் ஹெடரையும் சேர்த்த பிறகே ஆட்டோரீகான்ஃப் ஓட்ட வேண்டும். இப்பிழைகளை மீண்டும் எச்சரிக்கையாக்கும் எஃப்பெர்மிசிவ் என்னும் கொடியைச் சிஃப்ளாக்ஸில் (கம்பைலருக்கான விருப்பங்களைத் தரும் மாறி) கொடுத்தாலும் கான்ஃபிகர் தேறிவிடும், ஆனால் அதை மேக் வரை கொண்டுபோகாதீர்கள்: அறிவிக்கப்படாத ஃபங்ஷன் இன்ட் தருவதாகக் கொள்ளப்படுவதால், 64 பிட் கணினியில் அது திருப்பும் பாயின்டரின் (நினைவக முகவரியின்) மேல் பாதி வெட்டுப்பட்டுப்போகும்.

கேட்டவர்:
கான்ஃபிகர்.ஏசி-யைத் திருத்தியதும் பில்ட் முடிந்தது. சோதனை முடிவுகள் பதிவாகும் கான்ஃபிக்.எச் கோப்புகளை இரு கணினிகளிலிருந்தும் எடுத்து டிஃப் கொண்டு ஒப்பிட்டபோது, எம்மேப் (கோப்பை நினைவகத்தோடு இணைக்கும் ஃபங்ஷன்) சோதனையும் இதே காரணத்தால் சத்தமின்றித் தோற்றிருந்தது தெரிந்தது. அதையும் திருத்திவிட்டேன். நன்றி.