ரிமோட்டா, ஃபோன் செயலியா, டிரான்ஸ்ஃபார்மரா? டர்பனிலிருந்து ஒரு கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பிள்ளைகளுக்காக ஓ கேஜ் (பொம்மை ரயில் தண்டவாள அளவுகளில் ஒன்று) ரயில் செட் ஒன்றை அமைக்கிறோம். எஞ்சின் அமெரிக்காவின் லயனல் நிறுவனத்தின் லயன்சீஃப், அதாவது ரிமோட்டில் ஓடும் வகை; புளூடூத்தும் உள்ளது. எதை வைத்து ஓட்டுவது என்று முடிவு செய்ய உதவுங்கள்.

ரிமோட் சின்னக் கைகளுக்கு எளிது, குமிழைத் திருப்பினால் போதும். செயலியில் வசதி அதிகம்தான், ஆனால் கண் தண்டவாளத்தை விட்டுத் திரைக்குப் போய்விடும். வளைவில் பெட்டி சாயும்போது அது ஆபத்து. ரிமோட், செயலி எதுவானாலும் தண்டவாளத்துக்கு மாறாத 18 வோல்ட் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் கைப்பிடியால் வேகத்தைக் குறைக்கப் போனால் எஞ்சினுக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர் அணைந்து இணைப்பு அறுந்துவிடும்.

உண்மையான சிக்கல் மின்சாரம். அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் கருவி வைத்தால் வோல்ட் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. அதனால் அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மருக்கு உள்ளிருக்கும் இரும்புக் கரு கூடுதலாகச் சூடாகும். லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் மலிவான இன்வர்ட்டரில் போட்டால் இரைச்சலும் சூடும் இன்னும் கூடும்.

ஆகவே 100–240 வோல்ட் ஏற்கும், 18 வோல்ட் டிசி, 4 ஆம்பியர் அடாப்டரும் ரிமோட்டும் போதும் என்பது என் எண்ணம். அதில் ஷார்ட் ஆனால் காப்பாற்ற எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடுகிறீர்கள்? நீளமான தடத்தில் மறுகோடியில் வண்டி தளர்ந்தால், எத்தனை அடிக்கு ஒரு முறை கூடுதல் வயர் கொடுக்கிறீர்கள்? 230 வோல்ட்டுக்கென்றே செய்த டிரான்ஸ்ஃபார்மர் பயன்படுத்துபவர்கள் அதன் வாட் அளவையும் எழுதுங்கள்.