59 கிலோவைச் சுமந்து மெல்பர்ன் கோப்பையை வெல்ல முடியுமா?

யாராக்கரை:
இன்று காலை "பழைய கேலரி" ஐயா இந்தக் குதிரைப் பந்தய மன்றத்தில் இட்ட கணிப்பைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நாளை, 2025 நவம்பர் 4, மெல்பர்னின் ஃபிளெமிங்டன் மைதானத்தில் பத்துப் பந்தயங்கள். ஒன்பதை ஒவ்வொரு வரியில் முடித்துவிட்டு, ஏழாவதான மெல்பர்ன் கோப்பைக்கு மட்டும் தீர்ப்பு எழுதியிருக்கிறார்: "அல் ரிஃபா (ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்து) 59 கிலோ சுமக்கிறது, பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஹாஃப் யுவர்ஸ் 53 கிலோ, அதுதான் வெல்லும்." செப்டம்பரில் அயர்லாந்தின் பெரிய பந்தயமான ஐரிஷ் செயின்ட் லெஜரை வென்ற குதிரை அல் ரிஃபா. அதன் டிரெயினர் ஜோசஃப் ஓ'பிரையன் 2017-இல் ரீகிண்ட்லிங், 2020-இல் ட்விலைட் பேமென்ட் என்று இரண்டு முறை இதே கோப்பையைக் கொண்டுபோனவர். ஜாக்கி மார்க் ஸாரா 2022, 2023 என்று அடுத்தடுத்து வென்றவர். இத்தனையையும் ஓர் எண்ணை வைத்து அடித்துவிடுவதற்குப் பெயர் கணிப்பா?

பழைய கேலரி:
ஆம், ஓர் எண்தான். அந்த எண்ணுக்கு உங்களிடம் பதில் இல்லை. 1969-இல் ரெயின் லவர் 60.5 கிலோவோடு வென்றது. அதன் பிறகு 59 கிலோவோ அதற்கு மேலோ சுமந்த ஒரு குதிரைகூட இந்தக் கோப்பையை வென்றதில்லை. 1975-இல் திங்க் பிக் 58.5. 2005-இல் மகைபி டீவா 58. அதோடு சரி. 56 ஆண்டுகளாக நடக்காதது உங்கள் அல் ரிஃபாவுக்காக நடக்குமா?

கணக்குப்பிள்ளை:
ஐயா, பழைய புள்ளிவிவரத்தோடு நின்றுவிட்டீர்கள். 2020-இல் ட்விலைட் பேமென்ட் 55.5, 2021-இல் வெரி எலிகன்ட் 57, 2022-இல் கோல்ட் டிரிப் 57.5, 2023-இல் விதவுட் எ ஃபைட் 56.5. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கனமான சுமையே வென்றிருக்கிறது. 2022-இல் கோல்ட் டிரிப்தான் களத்திலேயே அதிகச் சுமை, அதுவும் மழையில் நனைந்த தரையில். கனம் தோற்கும் என்ற விதி எங்கே போயிற்று?

பழைய கேலரி:
நீங்கள் எழுதிய நான்கில் எதிலாவது 59 இருக்கிறதா? இல்லை. நானும் பட்டியல் போடுவேன். 2015-இல் 53, 2016-இல் 52, 2017-இல் 51.5, 2018-இல் 51, 2019-இல் 52. சென்ற ஆண்டு நைட்ஸ் சாய்ஸ் 51.5. உங்கள் ஓ'பிரையன் முதல் முறை வென்றதே 51.5 கிலோவில்தான். அதை ஏன் யாராக்கரை எழுதவில்லை?

சேணம்:
இருவருக்கும் ஒரு கேள்வி. கனம் என்று எதைச் சொல்கிறீர்கள்? இது ஹேண்டிகேப் பந்தயம். திறமை கூடிய குதிரைக்குக் கூடுதல் சுமை கொடுத்து எல்லோரையும் சமமாக்குவதுதான் அதன் வேலை. சென்ற ஆண்டு களத்தில் மிக அதிகமான சுமையே 55.5 கிலோதான். இந்த ஆண்டு உச்சம் 59. வெவ்வேறு அளவுகோலில் இட்ட கிலோக்களை ஆண்டு தாண்டி ஒப்பிட்டால் என்ன தெரியும்? உச்சத்திலிருந்து எத்தனை கிலோ வித்தியாசம் என்று பாருங்கள்.

பழைய கேலரி:
தராசு பொய் சொல்லாது. 59 என்றால் 59.

யாராக்கரை:
1890-இல் கார்பைன் 66 கிலோ சுமந்து, 39 குதிரைகள் ஓடிய களத்தில் வென்றது. 1930-இல் ஃபார் லாப் 62.5. குதிரை நல்ல குதிரையாக இருந்தால் சுமை தடையில்லை.

பழைய கேலரி:
அதே ஃபார் லாப் அடுத்த ஆண்டு 68 கிலோவோடு எட்டாவதாக வந்ததை வசதியாக விட்டுவிட்டீர்கள். சுமை தடையில்லை என்றால் எப்பேர்ப்பட்ட குதிரை ஏன் எட்டாவதாக வந்தது? என் வாதத்தை நீங்களே நிரூபித்துக் கொடுத்ததற்கு நன்றி.

யாராக்கரை:
68-உம் 59-உம் ஒன்றா?

பழைய கேலரி:
59 வென்றதா, 1969-க்குப் பிறகு? அதை மட்டும் சொல்லுங்கள்.

நேர்பாதை:
பாரியரைப் பற்றி, அதாவது குதிரை புறப்படும் கதவின் எண்ணைப் பற்றி, ஒருவரும் பேசவில்லையே. அல் ரிஃபாவுக்கு 19, ஹாஃப் யுவர்ஸுக்கு 8. இருபத்து நான்கு குதிரைகள் ஓடும்போது வெளிப்பக்கம் மாட்டிக்கொண்டால் முதல் வளைவிலேயே கூடுதல் தூரம் ஓட வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
18-ஆம் பாரியரிலிருந்து எந்தக் குதிரையும் வெல்லாது என்று காலங்காலமாகச் சொன்னார்கள். 2021-இல் வெரி எலிகன்ட் அங்கிருந்தே வந்து நான்கு குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது. இதுவரை நடக்கவில்லை என்பதாலேயே இனியும் நடக்காது என்பவர்களுக்கு அதுவே பதில்.

பழைய கேலரி:
பாரியருக்குப் போய்விட்டால் 59 கிலோ மறைந்துவிடாது. நாளை மழை வேறு என்கிறார்கள். ஈரத் தரையில் ஒவ்வொரு கிலோவும் இரண்டாகக் கனக்கும். சென்னை கிண்டி பந்தய மைதானத்தில் முப்பது ஆண்டுகள் கேலரியில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

யாராக்கரை:
கிண்டியில் 1200 மீட்டர் பார்த்த அனுபவத்தை மெல்பர்ன் கோப்பையின் 3200 மீட்டருக்குக் கொண்டுவராதீர்கள். இங்கே நான் ஆண்டுதோறும் வேலியோரம் நின்று பார்க்கிறேன். ஈரத் தரை ஐரோப்பியக் குதிரைக்குப் பிறந்த வீடு. இன்னொன்றையும் இந்த மன்றம் மறக்கவில்லை. 2023 கோப்பையில் வோபான் என்ற குதிரையைத் தவிர வேறெதுவும் வெல்லாது என்று எழுதியவர் நீங்கள். ஃபேவரிட்டாக ஓடிப் பதினான்காவதாக வந்தது.

பழைய கேலரி:
வோபான் பேச்சு இங்கே எதற்கு? கிண்டியை இழிவாகப் பேசாதீர்கள். உங்களுக்குக் குதிரையின் நடை பார்க்கக் கற்றுக்கொடுத்ததே அந்த ஊர்தான் என்று நீங்களே ஒருமுறை எழுதியிருக்கிறீர்கள். 2024-இல் ஜூனில் ஊட்டி, செப்டம்பரில் கிண்டி என்று அரசு இரண்டுக்கும் பூட்டுப் போட்டபோது நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. மெல்பர்ன் போனதும் சொந்த மைதானம் மறந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
மைதான நிலத்தின் குத்தகைப் பாக்கி நூற்றுக்கணக்கான கோடி. பூட்டாமல் என்ன செய்வார்கள்?

பழைய கேலரி:
பாக்கிக் கணக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போது நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 2023 அக்டோபரிலிருந்து பந்தயத்தில் கட்டும் பணம் முழுவதற்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி. இந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் 40. இந்த நாட்டில் பந்தயத்தை வரியால் கொல்கிறார்கள், உங்களைப் போன்றவர்கள் கைதட்டுகிறீர்கள்.

குடும்பத்தலைவன்:
சூதாட்டத்துக்கு வரி போட்டால் என்ன தவறு? இதில் எத்தனை வீடுகள் அழிந்தன என்று தெரியுமா?

பழைய கேலரி:
1996-இல் உச்ச நீதிமன்றமே, சென்னைப் பந்தயத்தைப் பற்றிய வழக்கில்தான், இது திறமையை நம்பிய விளையாட்டு, சூதாட்டமல்ல என்று சொல்லிவிட்டது. அந்தத் திறமை என்னவென்று கேட்டால் இதுதான்: 59 கிலோவைப் பார்த்ததும் விலகத் தெரிவது.

குடும்பத்தலைவன்:
நீதிமன்றம் சொன்னால் அழிந்த வீடு திரும்பி வருமா?

சேணம்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இரு குதிரைகளுக்கும் இடையில் ஆறு கிலோ வித்தியாசம். அந்த ஆறு கிலோவுக்கு ஈடாக அல் ரிஃபா அவ்வளவு மேலான குதிரையா, இல்லையா? விவாதமே அதுதான்.

யாராக்கரை:
மேலான குதிரைதான். அயர்லாந்தின் வின்சன்ட் ஓ'பிரையன் நேஷனல் ஸ்டேக்ஸ் பந்தயத்தை இரண்டு வயதிலேயே வென்றது. ஹாஃப் யுவர்ஸ் எந்த அயர்லாந்துக் குதிரையைத் தோற்கடித்திருக்கிறது?

நேர்பாதை:
ஹாஃப் யுவர்ஸ் அக்டோபரில் மெல்பர்னின் இன்னொரு பெரிய பந்தயமான கால்ஃபீல்ட் கோப்பையை வென்றதை மறந்துவிட்டீர்களா? ஜேமி மெல்ஹம் அந்தக் கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கி. நாளையும் அவர்தான்.

கணக்குப்பிள்ளை:
கால்ஃபீல்டும் மெல்பர்னும் ஒரே ஆண்டில் வெல்வது எளிதா? 2001-இல் எதீரியல், அதன் பிறகு 2023-இல்தான் விதவுட் எ ஃபைட். நடுவில் 22 ஆண்டுகள்.

பழைய கேலரி:
22 ஆண்டு இடைவெளி உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது, என் 56 ஆண்டு தெரியவில்லை. இதுதான் நியாயமா? இதுவரை நடக்காதது நடக்கும் என்று சற்றுமுன் பாரியருக்குச் சொன்னது யார்?

கணக்குப்பிள்ளை:
பேச்சைத் திருப்பாதீர்கள்.

பழைய கேலரி:
திருப்பவில்லை. 59-லேயே நிற்கிறேன்.

நேர்பாதை:
மற்ற ஒன்பது பந்தயங்களுக்கும் யாராவது ஏதாவது சொல்வீர்களா? 1200 மீட்டர் நேர்பாதை ஓட்டத்தில் மழைக்குப் பிறகு எந்த வேலிப்பக்கம் உறுதியாக இருக்கும் என்று கேட்கத்தான் உள்ளே வந்தேன்.

யாராக்கரை:
கோப்பை முடியட்டும். இந்திய நேரம் காலை ஒன்பதரைக்கு ஓட்டம். அதற்குப் பிறகு ஐயா இந்தப் பக்கம் வருவாரா என்று பார்க்கிறேன். வோபானுக்குப் பிறகு மூன்று மாதம் ஆளைக் காணவில்லை.

பழைய கேலரி:
கண் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தேன், அதையும் இங்கேயே எழுதியிருந்தேன். படிக்காமல் பேசுவது உங்கள் வழக்கம். நாளை ஒன்பதரைக்கு மட்டுமல்ல, எட்டு மணிக்கே வந்து உட்காருவேன். 1969-க்குப் பிறகு 59 கிலோவில் வென்ற குதிரையின் பெயரை அதற்குள் தேடி எடுத்து வையுங்கள்.