வரையும் பழக்கம் நான்கு நாளில் நின்றுவிடுகிறது

கேள்வி: வயது 15. தினம் ஒரு மணி நேரம் வரையத் தொடங்கி, நான்கே நாளில் விட்டுப்போகிறது. வரைந்ததைக் காட்டவும் கூச்சம். என்ன செய்யலாம்?

பதில் 1: அந்த ஒரு மணி நேரம்தான் சிக்கல். 10 நிமிடம் போதும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் என்று நிலையான ஒன்றோடு இணைத்துக்கொள்ளுங்கள். நோட்டு மேசைமேல் திறந்தே இருக்கட்டும். ரப்பர் வேண்டாம், திருத்தத் திருத்தப் பக்கம் முடியாது. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக ஈடுகட்டாதீர்கள். சுமையாகி அங்கேதான் அறுந்துபோகும்.

பதில் 2: களைப்பாலும் பழக்கம் விட்டுப்போகலாம். தூக்கம் எவ்வளவு? 13 முதல் 18 வயதுவரை 8–10 மணி நேரம் வேண்டும். இந்த வயதில் மெலடோனின் (தூக்கம் வரவைக்கும் ஹார்மோன்) தாமதமாகச் சுரக்கும், தூக்கமும் தள்ளிப்போகும். போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள்.

பதில் 3: கூச்சத்துக்கு: முதலில் ஒருவரிடம் மட்டும் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். "கை உடம்புக்கு ஏற்ற நீளமா?" என்று கேளுங்கள்.