காரில் மாட்டும் சைக்கிள் கேரியர்: தாங்கியா, காவியா, ஏந்தியா?

க. (ஸ்காபரோ):
வணக்கம். காருக்கு எந்த பைக் ரேக் வாங்குவது என்று இங்குள்ள சைக்கிள் கடை ஒன்றுக்காக இரண்டு பக்கத் தமிழ் வழிகாட்டி தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பே சிக்கல். 'சைக்கிள் கரியர்' என்றால் எங்கட ஆட்களுக்கு சைக்கிளின் பின்னால் ஆள் ஏற்றும் கம்பித்தட்டுத்தான். கடை விற்பதோ சைக்கிளையே சுமக்கும் சாமான். கூரையில் பூட்டுவது, டிக்கிக் கதவில் பட்டி இழுத்துக் கட்டுவது, காரின் பின்னடியில் பூட்டும் இழுவைக் குழாயான ஹிட்ச்சில் செருகுவது என்று மூன்று வகை. பொதுப்பெயர் ஒன்று வேண்டும்.

இரா. (கோவை):
மிதிவண்டித் தாங்கி. இதற்கு ஏன் விவாதம்?

செ. (யாழ்ப்பாணம்):
ஐயா, இங்கே தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கி. உங்கள் பொறியியல் நூல்களில் பேரிங்கும் தாங்கிதான். 'காவி' என்று வையுங்கள், காவுதல் என்றால் சுமத்தல். தாங்கு தாங்கி ஆனதுபோல் காவு காவி ஆகும். வினைமுதற்பொருளில் இகர விகுதி. நோய்க்காவி எங்கள் பள்ளிப் புத்தகச் சொல். புறநானூறு 206இல் ஔவை கலத்தைக் காவிக்கொண்டுதான் அதியமான் வாயிலை விட்டுக் கிளம்புகிறார். காவடியும் இந்தக் 'கா'வில் வந்ததே.

இரா.:
ஔவை காவலாம். கோவையில் 'மிதிவண்டிக் காவி' என்று எழுதினால் காவி நிற சைக்கிள் என்று படிப்பார்கள். தேர்தல் சமயமானால் கேட்கவே வேண்டாம்.

த. (சிங்கப்பூர்):
முதலில் சைக்கிளுக்கு 'ஈருருளி' என்று எழுதுங்கள். பிறகு 'ஏந்தி'. ஏந்துவது கீழிருந்து பிடிப்பது. உருளிகளைத் தட்டில் நிறுத்தும் வகைக்குப் பொருந்தும். தொங்கவிடும் வகைக்குத் 'தூக்கி'.

ம. (மார்க்கம்):
'ஈருருளி' கடையில் ஒருவருக்கும் விளங்காது. ஆனால் த. அவர்கள் பிரித்த பிரிவு முக்கியம், க. அண்ணையின் வகைப்பிரிப்பில் அது விடுபட்டிருக்கிறது. ஹிட்ச் வகைக்குள்ளேயே தட்டும் உண்டு, தொங்கலும் உண்டு. தொங்கல் வகையில் சைக்கிளின் மேல்குழாயை ரேக்கின் கையில் மாட்டுவதால், மேல்குழாய் தாழ்ந்த பெண்கள் சைக்கிளுக்குத் துணைக்கம்பி வாங்க வேண்டும். கார்பன் ஃபிரேமை அதில் கவ்வவே கூடாது. மின்சைக்கிளுக்குத் தட்டுத்தான், பிடிகை டயரை அழுத்த வேண்டும், ஃபிரேமை அல்ல.

பெயரைவிட எடைக் கணக்கில்தான் ஆட்கள் பிழை விடுகிறார்கள். ரேக் 24 கிலோ, மின்சைக்கிள் இரண்டு 25 கிலோப்படி 50, மொத்தம் 74. ஹிட்ச்சுகளில் ஆகச் சிறிய முதல் வகுப்பு நிலைக்குத்தாக 200 இறாத்தல், கிட்டத்தட்ட 90 கிலோ தாங்கும். அதனால் சரி என்று நினைக்கக் கூடாது. ரேக்கின் தட்டொன்றுக்கான எல்லை, கார்க் கைநூல் சொல்லும் எல்லை, ஹிட்ச்சின் எல்லை மூன்றையும் பாருங்கள். எது முதலில் மீறப்படுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. ஹிட்ச்சை நீட்ட நீட்டுக்குழாய் போட்டால் ஹிட்ச்சின் தாங்குதிறனைப் பாதியாக எடுப்பது வழக்கம். பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 3 கிலோ குறையும், மழையிலும் நனையாது.

ஒன்றேகால் அங்குல ரேக்கை 2 அங்குல ஹிட்ச் குழாயில் உறை போட்டு மாட்டலாம். மறுபக்கமாக, 2 அங்குல ரேக்கை ஒன்றேகால் குழாய்க்கு இறக்கினால் பலம் போய்விடும்.

இரா.:
சரி. ஆனால் இந்த நிலைக்குத்துச் சுமைக்கு ஆங்கில tongue weight-ஐ அப்படியே பெயர்த்து 'நாக்கு எடை' என்று எழுதிவிடாதீர்கள்.

ம.:
'முனைப் பாரம்' போதும். ஆட்டத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: ஹிட்ச் குழாய்க்கும் ரேக்கின் தண்டுக்கும் இடையில் வெறும் ஊசி போட்டால் ரேக் கடகடவென்று ஆடும். திருகுமறையுள்ள ஊசியோ ஆப்போ வேண்டும். புகைபோக்கிக்கு நேரே டயர் வந்தால் சூட்டில் உருகும். எண் பலகையும் பின்விளக்கும் மறைந்தால் ஒன்ராறியோவில் பொலிஸ் நிறுத்தும். பட்டி வகையின் கொக்கி கண்ணாடி விளிம்பிலோ பிளாஸ்டிக் ஸ்பாய்லரிலோ விழக் கூடாது. பட்டி தளரும், கொஞ்ச தூரம் ஓடிவிட்டு இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். கூரை வகைக்குப் பெரிய ஆபத்து, சைக்கிள் மேலே இருப்பதை மறந்து கராஜுக்குள் நுழைவது.

க.:
எல்லோருக்கும் நன்றி. 'காரில் சைக்கிள் காவும் சட்டங்கள்' என்று தலைப்பு வைக்கிறேன். வினையாக வந்தால் காவி நிறம் வராது. உள்ளே: கூரைச் சட்டம், பட்டிச் சட்டம், கொளுவிச் சட்டம் (ஹிட்ச் வகை), கடைசிக்குள் தட்டு, தொங்கல்.

செ.:
கொளுவி நல்ல சொல். ஆதரவு.

ம.:
சரி.

இரா.:
சைக்கிளின் ஃபிரேமும் சட்டம்தான். 'பிடிகை சட்டத்தில் படக் கூடாது' என்று எழுதினால் எந்தச் சட்டம்? தாங்கியை இன்னும் கைவிடவில்லை.

க.:
அந்த வரியில் மட்டும் ஃபிரேம் என்றே விடுகிறேன் ஐயா.

த.:
ஈருருளி?