தீவில் விழும் பிணம்: நார்டிக் நுவாரில் தீவு வெறும் வசதிதானா?

கடற்காகம் எழுதியது:

நார்டிக் நுவார் எனப்படும் வட ஐரோப்பியக் குற்றப்புனைவில் தீவுகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்பதும், அந்தப் பெருக்கம் இவ்வகை எழுத்தின் முதுகெலும்பையே முறிக்கிறது என்பதும் என் வாதம். 1965 முதல் 1975 வரை சுவீடன் எழுத்தாளர்களான மை ஸ்யோவாலும் பேர் வாலோவும் இணைந்து எழுதிய பத்து நாவல்களில்தான் இந்த மரபு வேர்விட்டது. அவற்றில் துப்பறியும் மார்ட்டின் பெக் மேதை அல்லர். அடிக்கடி சளி பிடித்து, வயிற்று உபாதையோடு கோப்புகளுக்கிடையே உழலும் அரசு ஊழியர். ஒரு கொலையைத் தொட்டுக்கொண்டு சுவீடனின் நலவாழ்வு அரசு உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்று காட்டுவதே அந்த இருவரின் நோக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட மரபைத் தீவுக்குள் கொண்டுபோய் அடைத்தால், 1939இல் அகதா கிறிஸ்டி பத்துப் பேரை டெவன் கரையோரத் தீவொன்றில் வைத்து ஆடிய புதிர்விளையாட்டுதான் மிஞ்சும்.

சுவீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் 2005இல் வெளிவந்த முதல் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966ஆம் ஆண்டில் ஹாரியட் என்ற பதின்வயதுப் பெண் காணாமற்போகிற அதே நாளில், ஹெடேபி தீவைக் கரையோடு இணைக்கும் ஒரே பாலத்தில் எண்ணெய் லாரி விபத்துக்குள்ளாகி வழி அடைபடுகிறது. சந்தேகப் பட்டியலைச் சுருக்க வேண்டும் என்ற ஆசிரியரின் தேவையைத் தவிர அந்த லாரிக்கு வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்து முழுவதிலுமே நெடுங்காலமாக ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு கொலைகள் அளவில்தான் நடந்து வந்திருக்கின்றன. அத்தகைய நிலப்பரப்பில் ஒரு சிற்றூரில் மட்டும் தொடர்ச்சியாகப் பிணங்களை விழவைப்பது சமூக விமர்சனம் ஆகாது.

பனிமலர் எழுதியது:

கடற்காகம் அவர்களே, பெக் நாவல்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால், தீவு என்றாலே அடைப்பு என்று நீங்கள் எடுத்துக்கொள்வதுதான் பிழை. யூஹான் தியோரின் என்ற சுவீடன் எழுத்தாளர் 2007இல் எழுதிய முதல் நாவல், சுவீடனின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள ஓலண்ட் தீவில் நடக்கிறது. 1972 செப்டம்பரில் ஒரு சிறுவன் தன் உயரமே உள்ள கற்சுவரில் ஏறி, மூடுபனிக்குள் இறங்கிப் போகிறான், திரும்பி வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், முதியோர் இல்லத்தில் இருக்கும் அவன் தாத்தா யேர்லொஃபுக்கு அஞ்சலில் ஒரு குழந்தைச் செருப்பு வந்து சேர்கிறது. ஒற்றைச் செருப்பு. கப்பல் தலைவராக இருந்த அந்தக் கிழவரின் கைகள் மூட்டுநோயால் இறுகிப்போனவை. அந்தக் கைகளில் அது இருக்கும் காட்சியைப் படித்தபின் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன்.

ஆண்டைக் கவனியுங்கள். ஓலண்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஆறு கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டதும் அதே 1972 செப்டம்பரின் இறுதியில்தான். அதற்குப் பின் கரையோர ஊர்கள் கோடைவிடுதிகளாக மாறுகின்றன. கதையில் வரும் ஊரிலும் குளிர்காலத்தில் பெரும்பாலான வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. மகனைத் தொலைத்த யூலியா அங்கே திரும்பி வரும்போது, நடந்ததைப் பார்த்திருக்கக்கூடிய அயலார் பலர் அங்கே இல்லை. வழி திறந்ததால் காலியான தீவு அது. இதில் சந்தேகப் பட்டியலைச் சுருக்கும் தந்திரம் எங்கே இருக்கிறது?

கடற்காகம் எழுதியது:

அந்த நாவலை நானும் மதிக்கிறேன். ஆனால் அதைத் தாங்குவது யேர்லொஃபின் முதுமையே ஒழிய ஓலண்ட் அன்று. கிழவரையும் செருப்பையும் மூடுபனியையும் பெருநிலத்துக் கடலோரக் கிராமம் ஒன்றுக்குக் கொண்டுபோனால் கதைக்கு என்ன குறைந்துவிடும்? அதே தீவில் நான்கு பருவங்களுக்கு நான்கு நாவல்கள் எழுதப்பட்டன என்பதும் என் ஐயத்தை வலுப்படுத்துகிறது.

நூலகவாசி எழுதியது:

இடையே ஒரு கேள்வி. ஆன் கிளீவ்ஸ் எழுதிய ஷெட்லாந்து நாவல்களையும் இந்த வகையில் சேர்க்கலாமா? ஆசிரியர் ஆங்கிலேயர், தீவுகள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவை. ஆயினும் 1469இல் டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட அரசர் தம் மகளின் சீதனத்துக்கு ஈடாக அடகு வைக்கும்வரை அவை நார்வே அரசுக்கு உரியனவாகவே இருந்தன. ஊர்ப் பெயர்களில் பழைய நார்வே மொழி இன்றும் ஒலிக்கிறது.

பனிமலர் எழுதியது:

சேர்க்கலாம், நூலகவாசி. ஆனால் அந்த வழக்கைத் தனியே பேசுவோம். இங்கே கொண்டுவந்தால் கடற்காகம் அவர்களின் கேள்வி கைநழுவிப் போகும்.

வடகடல் எழுதியது:

ஐயா, நான் நாவல்களை ஆழ்ந்து ஆராய்ந்தவன் அல்லன். எண்பதுகளின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில், தீவொன்றின் மீன் பதனிடும் ஆலையில் நான்கு மாரிகாலம் வேலை செய்தவன். நீங்கள் கொலைகளின் எண்ணிக்கையை வைத்து வாதாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அரிதாக நடப்பதாலேயே ஒரு சாவு அங்கே அவ்வளவு பாரமாகிறது. எங்கள் ஆலையில் ஓய்வறைச் சுவரோரம் நீல நிற இறப்பர்ச் சப்பாத்துகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் உரியவரின் பெயரை மையினால் எழுதியிருப்பார்கள். ஒரு தை மாதம், விடுமுறை நாளில் சிறு படகில் போன தொழிலாளி ஒருவர் திரும்பவில்லை. அவருடைய சப்பாத்தை வைகாசிவரை ஒருவரும் அசைக்கவில்லை. தரை கழுவும்போது அதைச் சுற்றித்தான் கழுவினோம். அவரைப் பற்றி யாரும் கதைக்கவும் இல்லை. அந்த மௌனம் துக்கமா, ஏதோ தெரிந்த மௌனமா என்று மொழி பிடிபடாத எனக்கு அப்போது விளங்கவில்லை. நகரத்தில் அன்றே அந்தச் சப்பாத்தை அகற்றியிருப்பார்கள்.

அதே சமயம், இந்த நாவல்கள்மீது எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. இருட்டை இவர்கள் விற்கிறார்கள். சூரியன் உதிக்காத அந்த இரண்டு மாதங்களிலும் நண்பகலில் ஒருவித நீல வெளிச்சம் பனியின்மேல் விழும். வீடுதோறும் யன்னலில் திரையை இழுத்து மூடாமல் விளக்கு வைத்திருப்பார்கள். வழியில் போகிறவர்களுக்கும் அந்த வெளிச்சம் உதவும். வாசித்த கதைகளில் அந்த யன்னல்களை நான் அதிகம் காணவில்லை.

பனிமலர் எழுதியது:

வடகடல் அவர்களே, யன்னல் விளக்கைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் புதிது; மிக்க நன்றி.

கடற்காகம் அவர்கள் கேட்ட 'இடம் மாற்றும்' சோதனைக்கு வருகிறேன். 1973 சனவரி 23ஆம் நாள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணியளவில், ஐஸ்லாந்தின் தெற்கேயுள்ள ஹெய்மாய் தீவில் ஊரின் விளிம்பிலேயே நிலம் பிளந்து எரிமலை கக்கத் தொடங்கியது. முந்தைய நாளின் புயலால் மீன்பிடிப் படகுகள் துறைமுகத்திலேயே நின்றிருந்தபடியால், ஏறத்தாழ 5,300 பேரில் பெரும்பாலோர் அந்த இரவுக்குள்ளேயே கரையேற்றப்பட்டனர். சூலை தொடக்கம்வரை நீடித்த வெடிப்பில் நானூறு வீடுகள் அளவுக்குச் சாம்பலிலும் எரிமலைக் குழம்பிலும் புதைந்தன. இர்சா சிகுர்தார்தோத்திர் 2007இல் எழுதிய நாவலில், அப்படிப் புதைந்த வீடொன்றைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தோண்டும்போது நிலவறையில் பிணங்கள் கிடக்கின்றன. குற்றத்தை மறைத்தது சாம்பல். ஒரே இரவில் ஊரார் அனைவரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு படகேறியதால்தான் அந்த நிலவறைப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் கதையைச் சுவீடனின் கடலோரக் கிராமத்துக்கு எப்படிப் பெயர்த்துக்கொண்டு போவீர்கள்?

லார்சனின் லாரிக்கும் பதில் உண்டு. (நாவலைப் படிக்காதவர்கள் இப்பத்தியைத் தாண்டிச் செல்லவும்.) பாலம் அடைபட்டதால், குற்றவாளி அன்று தீவிலிருந்தவர்களுள் ஒருவரே என்று ஹாரியட்டைத் தேடும் முதியவர் ஹென்ரிக் வாங்கர் முடிவு கட்டி, அந்த ஒரே பட்டியலை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் முடிச்சை அவிழ்க்கும் முதல் இழை தீவில் இல்லை. பாலத்துக்கு அப்பால் நகரத்தில் அன்று நடந்த குழந்தைகள் தின ஊர்வலத்தின் பழைய செய்தித்தாள் புகைப்படச் சுருளில்தான் இருக்கிறது; கூட்டத்தில் நிற்கும் ஹாரியட் எதையோ கண்டு முகம் மாறுவது அதில் பதிந்திருக்கிறது. நீங்கள் குறைகூறும் அதே அடைப்பு ஹென்ரிக்கை நாற்பது ஆண்டுகள் ஏமாற்றியிருக்கிறது என்பதே என் வாசிப்பு.

கடற்காகம் எழுதியது:

ஊர்வலப் படத்தை அந்த லாரியோடு சேர்த்து நான் நினைத்துப் பார்த்ததில்லை. தேடுகிறவரையே திசைதிருப்புவதற்காக அந்த விபத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது வலுவான வாசிப்பு. அந்தப் பகுதிகளை மீண்டும் படித்துவிட்டு எழுதுகிறேன். ஹெய்மாய் நாவலைப் பொறுத்தவரை என் சோதனை தோற்றதாக வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறேன்.

ஓலண்டைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஊர் காலியாவது பாலத்தால் மட்டும் நேர்வதன்று; கோடைவிடுதிகள் வந்த கடலோரம் எங்கும் அது நேர்ந்திருக்கிறது. கொலைகளின் எண்ணிக்கையைப் பற்றி வடகடல் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு: அரிதாக நடக்கும் சாவின் பாரத்தைக் காட்ட ஒரு பிணம் போதும். தொடர்வரிசையின் ஐந்தாம் நாவலில் அதே ஊரில் ஐந்தாம் பிணம் விழும்போது, நீங்கள் சுற்றிக் கழுவிய அந்தச் சப்பாத்துக்கு அங்கே இடம் இருக்காது.

வடகடல் எழுதியது:

அது உண்மைதான், ஐயா. பார்த்தபடி நின்றவர்கள் நாங்கள் நாற்பது பேர். நின்ற சப்பாத்து ஒரு சோடி.