அழகர் ஆற்றில் இறங்கிய படமெல்லாம் கலங்கிப் போச்சு: கேமராவை மாற்ற வேண்டுமா, நான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது கேனன் 1500டி, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இந்தச் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்கணும் என்று ராத்திரி இரண்டு மணிக்கே மதுரை ஆழ்வார்புரம் பக்கம் போய் இடம் பிடித்து நின்றேன். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தங்கக் குதிரை கூட்டத்துக்கு மேலே ஆடி ஆடி வருகிறது, சுற்றிலும் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், கண்ணில் நீர் வந்துவிட்டது. நானூறு படமாவது எடுத்திருப்பேன். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் குதிரையின் முகம் ஒன்றில்கூடத் தெளிவாக இல்லை.

பக்கத்தில் நின்றவர் வைத்திருந்தது ஃபுல் ஃப்ரேம், அதாவது படம் பதிவாகும் சென்சார் பெரிதாக இருக்கும் கேமரா. அவருடைய திரையில் குதிரையின் கழுத்து மாலையில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு கடையில் கேட்டேன், இந்த பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா) ராத்திரி படம் வராது, மாற்றிவிடுங்கள் என்றார்கள். லட்சத்துக்கு மேல் போகிறது, கடன் வாங்கித்தான் வாங்க முடியும். இன்னொரு பக்கம், கேமராவில் ஒன்றும் இல்லை, எல்லாம் எடுப்பவர் கண்ணில்தான் இருக்கிறது என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

ஒரு படத்தின் விவரம்: ஜூம் 55 மிமீ, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/30 வினாடி, சென்சாரின் வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 1600. ஸ்டெபிலைசர் ஆன் செய்துதான் இருந்தது.

மாலைவெயில்:
தம்பி, கடைசியில் விவரம் போட்டீர்களே, அது நல்ல காரியம். பதில் அதிலேயே இருக்கிறது. 1/30 வினாடி. ஆடிக்கொண்டு வரும் வாகனத்தை அந்த வேகத்தில் எந்த கேமராவும் நிறுத்தாது, பத்து லட்சம் ரூபாய் பாடியானாலும் கலங்கத்தான் செய்யும். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், குதிரை ஆடுவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் பலர் கவனிப்பதில்லை, ஆன் செய்துவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

உங்கள் கேமராவில் ஐஎஸ்ஓ 6400 வரை இருக்கிறது. அங்கே வைத்திருந்தால் அதே வெளிச்சத்தில் 1/125 கிடைத்திருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரியும், சரி, புள்ளியை ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலப் படம்) ஓரளவு குறைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் கலங்கியதை மட்டும் பிறகு எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது.

அடுத்தது லென்ஸ். 50 மிமீ எஃப் 1.8 புதிதாகவே சுமார் 10,000 ரூபாய்தான். உங்கள் படம் 55-ல் எடுத்தது, 50 போட்டாலும் கிட்டத்தட்ட அதே கட்டம்தான் வரும். எஃப் எண் சிறிதானால் லென்ஸ் திறப்பு பெரிது, அதை எஃப் 2-ல் வைத்தால் எஃப் 5.6-ஐ விட எட்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஐஎஸ்ஓ 3200-லேயே 1/500 கிடைக்கும். ஃபுல் ஃப்ரேமில் சென்சார் பரப்பு உங்களுடையதைப் போல இரண்டரை மடங்குதான். அதோடு சேர்த்து விற்கும் விலை குறைந்த 24-105 எஃப் 4-7.1 மாதிரி ஒரு லென்ஸை மாட்டினால், அது நீட்டும்போது எஃப் 7.1-க்கு இறங்கிவிடும். அதாவது பாடி கொடுத்ததில் பெரும் பங்கை லென்ஸ் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். கடன் வாங்கி இதையா வாங்குவது? பக்கத்தில் நின்றவர் கேமராவில் என்ன லென்ஸ் மாட்டியிருந்தது என்று பார்த்தீர்களா? எனக்கென்னவோ சூட்சுமம் அங்கேதான் இருந்திருக்கும்.

கூழைக்கடா:
மாலைவெயில் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு "கருவி முக்கியமில்லை" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நான் பறவை எடுக்கிறவன், இதே 1500டியில் நான்கு வருடம் ஓட்டியவன். ஒன்பது ஃபோகஸ் புள்ளி, வினாடிக்கு மூன்று படம். மீன்கொத்தி தண்ணீரில் பாயும் கணம் இரண்டு படத்துக்கு நடுவிலேயே போய்விடும். முதல் படத்தில் கொம்பில் உட்கார்ந்திருக்கும், அடுத்ததில் வெறும் அலை. அங்கே திறமையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆனால் அதே கேமராவில் நான் எடுத்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த படம் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கிடைத்தது. அங்கே கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டுப் பக்கத்து மரங்களில் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 250 மிமீ லென்ஸ் அங்கே தாராளமாகப் போதும். தாய் வாயைத் திறக்க, குஞ்சு கழுத்து வரை தலையை உள்ளே விட்டு மீன் எடுக்கும். அதற்காக ஒரே மரத்தடியில் மூன்று நாள் காலை உட்கார்ந்திருந்தேன். வேடந்தாங்கலில் ஏரிக்கு நடுவில் இருக்கும் கூட்டைக் கரையிலிருந்து எடுக்க அதே லென்ஸ் பத்தாது. ஆக, எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கருவி போதுமா போதாதா என்பதே.

மா. கிருஷ்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்த காட்டுயிர்ப் படக்காரர், பத்மஸ்ரீ பெற்றவர். கருப்பு வெள்ளையில்தான் எடுப்பேன் என்று கடைசி வரை நின்றவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை இணைத்துத் தனக்கென்று ஒரு கருவியைச் செய்துகொண்டு, அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்திருந்தார். கருவி பெரிதில்லை என்று நினைத்தவர் அந்தப் பாடு பட்டிருப்பாரா? தன் வேலைக்கு எது வேண்டும் என்று தெரிந்திருந்தது, கடையில் கிடைப்பதில் அது இல்லை, செய்துகொண்டார்.

முகூர்த்தவேளை:
நான் கல்யாணப் படம் எடுக்கிறேன், பதினோரு வருடமாக. எங்களுக்குக் கருவி என்றால் முதலில் நம்பிக்கை. இரண்டு கார்டு போடும் வசதி இல்லாத பாடியை முகூர்த்தத்துக்கு எடுத்துப் போக மாட்டேன். ஒரு கார்டு கெட்டுப்போனால் அந்தக் குடும்பத்திடம் போய் மறுபடியும் தாலி கட்டுங்கள் என்று சொல்ல முடியுமா? அந்த ஒரு விஷயத்தில் காசு பார்க்கவே கூடாது.

ஆனால் கெட்டிமேளம் என்ற சத்தம் கேட்ட பிறகு கேமராவைத் தூக்குகிறவருக்குப் படம் கிடைக்காது. அட்சதை பறக்கும், நாத்தனார் முடிச்சுப் போடக் குனிவார், அத்தனை பேரும் எழுந்து குறுக்கே வருவார்கள். எந்தப் பக்கம் இடைவெளி வரும் என்று ஐந்து நிமிடம் முன்னாலேயே தெரிந்து அங்கே போய் நின்றிருக்க வேண்டும். அது போய்ப் போய்த்தான் வரும், எந்தக் கடையிலும் கிடைக்காது.

தம்பி, இன்னொன்று. 1500டிக்கும் கிட் லென்ஸுக்கும் தண்ணீர் புகாத அடைப்பு கிடையாது. பீய்ச்சுகிற இடத்தில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு போங்கள், லென்ஸ் மாற்றுவதை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நண்பனிடம் 50 மிமீ இரவல் வாங்கி எங்கள் தெரு மாரியம்மன் கோயில் பூப்பல்லக்கில் எடுத்துப் பார்த்தேன். முதலில் கிட் லென்ஸ், ஐஎஸ்ஓ 6400, 1/125: பத்தில் நாலு தெளிவு. அப்புறம் 50, எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, 1/500: அம்மன் மூக்குத்தியில் ட்யூப் லைட் வெளிச்சம் புள்ளியாக விழுந்திருப்பது வரை தெரிகிறது. நிஜமாகவே என் கேமராவா இது என்று இருந்தது. கடன் யோசனையை விட்டுவிட்டேன், அந்த லென்ஸை மட்டும் வாங்கப் போகிறேன்.

ஆனால் இப்போது வேறு பிரச்சினை தெரிகிறது. எல்லாப் படத்திலும் முன்னால் தூக்கிப் பிடித்த செல்போன்கள். முன்பு கலங்கலில் அது கண்ணில் படவே இல்லை. முகூர்த்தவேளை அக்கா, கூட்டத்தில் எங்கே நிற்பது என்று எப்படி முடிவு செய்வீர்கள்?

முகூர்த்தவேளை:
முந்தின நாள் சாயந்திரம் கேமரா இல்லாமல் போங்கள். பல்லக்கு எந்த இடத்தில் திரும்பும், எங்கே தோள் மாற்ற நிறுத்துவார்கள் என்று தூக்குகிறவர்களிடமே கேட்டால் சொல்வார்கள். திரும்பும் இடத்தில் வெளிப்பக்கம் நில்லுங்கள், அங்கே கொஞ்ச நேரம் அம்மன் முகம் நேராக உங்களைப் பார்க்கும். ஒரு சின்ன முக்காலி எடுத்துப் போங்கள், ஏறி நிற்பதற்கு.