‘டக் டக்’ என்று ஆரம்பித்தது: கானாடுகாத்தான் வீட்டுக் காகிதங்களும் ஒரு பழைய டிஸ்கும்

வளவுவீட்டான் (கானாடுகாத்தான்)

ஹார்டு டிஸ்க் போன கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும். என்னுடையதில் தப்பு முழுக்க என்னுடையதுதான், அதனால் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்த காகிதங்களை மூன்று வருடமாக ஸ்கேன் செய்து வந்தேன். இசைகுடிமானங்கள் (கல்யாண ஒப்பந்தப் பத்திரங்கள்), மொய் ஏடுகள், ரங்கூன் கடையிலிருந்து ஐயா எழுதிய கடிதங்கள் என்று சுமார் 6,000 பக்கம். எல்லாம் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றி யுஎஸ்பி உறைக்குள் போட்ட 1 டிபி டிஸ்க் ஒன்றில். பேக்கப் எங்கே என்று கேட்காதீர்கள். மூலங்களில் பாதியைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள், மீதியில் கணிசமானது கரையானுக்கு.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம், ஒரு ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு நகரவே இல்லை. டிஸ்கிலிருந்து ‘டக்... டக்...’ என்று பல்லி கத்துவது போலச் சத்தம். அப்புறம் விண்டோஸ், “இந்த டிரைவை ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்டது.

நான் செய்த முதல் தப்பு, செக்டிஸ்க் ஓட்டியது. அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும் கருவி. டிஸ்கின் உடம்பு நோயோடு இருக்கும்போது அதே டிஸ்கிலேயே எழுதிச் ‘சரி’ செய்யப் பார்க்கும். இருபது நிமிடத்தில் சில ஃபோல்டர்கள் பெயரிழந்து எங்கோ ஓர் ஓரத்தில் துண்டு துண்டாகக் கிடந்தன. இரண்டாவது தப்பு, முக்கியமானதை மட்டும் எடுத்துவிடலாம் என்று ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போட்டது. படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் டிஸ்க் திரும்பத் திரும்ப அங்கேயே முட்டும், ஒவ்வொரு முட்டலும் டிஸ்கைப் படிக்கும் தலைக்குத் தேய்மானம். ராத்திரி முழுக்க 40 ஃபைல் கூட வரவில்லை.

மூன்றாவதாக ஒரு தப்பும் நடந்திருக்கும். பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரிட்ஜ் ஃப்ரீஸரில் வைக்கச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். நம்ம ஊர் வெயிலில் வெளியே எடுத்த உடனே சில்லென்ற டம்ளரில் வேர்ப்பது போல உள்ளே தண்ணீர் கோக்கும். நல்லவேளை, ஃப்ரீஸர் நிறைய அப்பத்தா மீன் வைத்திருந்தார்.

மறுநாள் நிதானமாக உட்கார்ந்து, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்களாகக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன். 197-ஆம் எண்ணில் (படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்கின் சின்னச் சின்னத் துண்டுகள்) 300-க்கு மேல். மாலையில் பார்த்தால் 900. எண் ஏறுகிறது என்றால் டிஸ்க் நம்மோடு இருக்கப்போகும் நேரம் இறங்குகிறது. புதிதாக 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். பழையதை உறையிலிருந்து எடுத்து டெஸ்க்டாப்பின் உள்ளே, டிஸ்கைப் போர்டோடு நேராக இணைக்கும் சாட்டா கேபிளில் மாட்டினேன். விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து கிளப்பி, கெட்ட டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ போட்டேன்.

இந்த மென்பொருள் செய்வது எளிமையான தந்திரம். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். தகராறு பண்ணும் இடம் வந்தால் சண்டை போடாமல் தாண்டிப் போய்விடும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று ‘மேப்’ என்ற ஒரு சின்ன ஃபைலில் குறித்துக்கொள்ளும். கடைசியில்தான் விட்ட இடங்களுக்குத் திரும்பி ஓரங்களிலிருந்து சுரண்டும். முதல் சுற்றில் சுரண்டலே வேண்டாம் என்று சொல்லி ஓட்டினேன். அந்த மேப் ஃபைலை பழைய டிஸ்கிலேயே வைத்துவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், செய்தவர்கள் இருக்கிறார்கள்.

பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஆத்தங்குடிக் கல் தரை ஜில்லென்று இருக்கும். டிஸ்கைத் தட்டையாக அங்கே வைத்து மேசை ஃபேனைத் திருப்பிவிட்டேன். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்கை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. அப்பத்தா வேலைக்கு வரும் பெண்ணிடம், “அங்கிட்டுப் போகாத, தம்பி அதுக்கு வைத்தியம் பாக்குது” என்றார்.

நல்ல டிஸ்க்கென்றால் 1 டிபி மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்கும். எனக்கு நான்கு நாள். நடுவில் இரண்டு முறை மின்வெட்டு. யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கியது, அதற்குள் நிறுத்தி, கரண்ட் வந்ததும் மேப் ஃபைலைக் காட்டி விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தேன்.

முடிவில் படிக்க முடியாமல் போனது 6 எம்பி. அது எந்த ஃபைல்களில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேப்பில் ‘கிடைக்கவில்லை’ என்று குறித்த இடங்களில் மட்டும் நாம் சொல்லும் ஒரு வார்த்தையை நகலில் எழுதச் சொல்லலாம். அப்புறம் அந்த வார்த்தை எந்தெந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடினால் போதும். எனக்கு 14 சிக்கின. டிஃப்பாக, சுருக்காமல் சேமித்தவற்றில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் போயிருந்தது, எழுத்தைப் படிக்க முடிகிறது. ஜேபெக்கில், சுருக்கிச் சேமித்தவற்றில் அடிபட்ட இடத்திலிருந்து கீழே வரைக்கும் நிறம் மாறி, சாம்பலாகி விட்டது. இடம் மிச்சம் என்று ஜேபெக்கில் போட்டதற்கு என்னையே நொந்துகொண்டேன்.

தேவகோட்டை ஸ்டூடியோ

அண்ணே, நீங்கள் செய்ததில் ஸ்மார்ட் பார்த்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். போன வருடம் ஒரு சாந்திக் கல்யாண வீடியோவைக் காப்பி செய்யும்போது டிஸ்க் அடிக்கடி துண்டித்துக்கொண்டது. போய்விட்டது என்றே முடிவு கட்டி, புது டிஸ்க் வாங்கி, காரைக்குடிக்கும் ஊருக்குமாக அலைந்தேன். பார்த்தால் 197 பூஜ்யம், 199 மட்டும் விறுவிறுவென்று ஏறியிருக்கிறது. அது டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டர் போர்டுக்கும் நடுவே தரவு கெடும்போது ஏறும் எண். கேபிளை மாற்றினேன், சரி. அந்த டிஸ்க் இன்றும் ஓடுகிறது.

இன்னொன்று. விண்டோஸில் ஃபைல்களைக் காப்பி செய்யும் ரோபோகாப்பியை இரவு ஓட்டிவிட்டுத் தூங்கினால் காலையில் ஒரே ஃபைலில் நின்றிருக்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது ஒவ்வொரு ஃபைலையும் 10 லட்சம் முறை, முறைக்கு 30 விநாடி காத்திருந்து முயற்சி செய்யும். ஒரு முறை, ஒரு விநாடி என்று மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பள்ளத்தூரான்

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வைத்திருப்பவர்களுக்கு இந்த ‘டக் டக்’ பாக்கியம் கூடக் கிடையாது. எனக்கு ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர் கிளம்பும்போது டிஸ்கைக் கண்டுபிடிக்கும் பயாஸிலேயே டிஸ்க் பெயர் இல்லை. மனைவியின் லேப்டாப் அதற்கு முன்பே மெதுவானதால் அதை மட்டும் கிளோன் (டிஸ்கின் முழு நகல்) எடுத்து வைத்தேன். அதிலும் ஒரு தலைவலி: பிட்லாக்கர் (டிஸ்க் முழுவதையும் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தது. கிளோனும் பூட்டோடுதான் வரும். பூட்டைத் திறக்கும் 48 இலக்கச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்ததால் பிழைத்தோம். கணக்கின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லாமல் அரை நாள் போனது தனிக்கதை.

வளவுவீட்டான்

தம்பி, 199 எனக்குப் பூஜ்யம்தான், இப்போதுதான் போய்ப் பார்த்தேன். நம்முடையது நிஜமாகவே சாகக் கிடந்தது.

14-இல் 11 பக்கம் மொய் ஏடு. அது கோட்டையூரில் பெரியப்பா வீட்டில் இருக்கிறது, போன வாரம் போய் மறுபடி ஸ்கேன் செய்துவிட்டேன். அவர் வீட்டிலேயே இன்னொரு நகல் டிஸ்கையும் வைத்துவிட்டு வந்தேன். மீதி மூன்றும் ஐயாவின் கடிதங்கள். மூலத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஒன்றில் “நெல் விலை” என்பது வரைக்கும் தெரிகிறது, அதற்குக் கீழே சாம்பல்.